பல்வங்கர் பாலுவுக்குரிய கௌரவம்

கிரிக்கெட் வீரர் பல்வங்கர் பாலு 1955-ஆம் வருஷம் பம்பாயில் காலமானார். அவருக்குத் தேசம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

தீண்டாதாரெனப்பட்ட வகுப்பில் பிறந்த அவர், புனாவில் ஐரோப்பியர் கிளப்பில் மைதானம் செப்பனிடும் ஊழியராயிருந்தார். வெள்ளைக்காரர்களின் பயிற்சிக்காகப் பந்து வீசியே, இடக்கைச் சுழற்பந்தில் ஈடிணையற்ற தேர்ச்சி பெற்றார். ஐரோப்பியரை வெல்லும் ஆசையால் புனா ஹிந்துக்கள் அவரைத் தங்கள் கோஷ்டியில் சேர்த்தார்கள். தேநீரை மட்டும் வெளியே நிறுத்தி மண்குவளையில் கொடுத்தார்கள். அவர் தொட்ட பந்தில் தீட்டில்லை. தொட்ட கோப்பையில் மட்டும் தீட்டாம்!

1911-இல் இந்தியக் கோஷ்டியுடன் இங்கிலாந்து சென்று நூறு விக்கெட்டுகளுக்குமேல் வீழ்த்தினார். அத்தகையவருக்கும் ஹிந்து கோஷ்டியின் தலைமை ஜாதியின் பொருட்டு வருஷக்கணக்கில் மறுக்கப்பட்டது. 1923-இல் அவர் தம்பி விட்டல்தான் அந்த ஸ்தானத்தை அடைந்தார்.

அமெரிக்காவிலும் கறுப்பர்கள் தனி பேஸ்பால் லீக்குகளில் ஒதுக்கப்பட்டிருந்தார்கள். அந்த லீக்குகளை 2020-இல் முதல்தரமென அங்கீகரித்து, 2024-இல் அவற்றின் கணக்குகளையும் பிரதான ஏட்டில் சேர்த்தார்கள். காலந்தாழ்ந்த பிராயச்சித்தமே, எனினும் ஏட்டில் ஏறிவிட்டது.

நாம் செய்யத்தக்கது யாது? சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரையுள்ள ஆலைகளில் பல பிரதேசத்து வாலிபர்கள் கூடி உழைக்கிறார்கள். கிரிக்கெட் அறியாதார் அவர்களில் அரியர். பாலுவின் பெயரால் அவர்கள் அங்கே பந்தயம் நடத்தட்டும். ஆட்டம் முடிந்ததும் ஜாதி கேளாமல் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணட்டும். சிலை பிறகு வரலாம். பந்தி முதலில் வேண்டும்.