சீமைப் பெருச்சாளியின் பாதங்களைப் பார்த்திருக்கிறீர்களா?

பூனையும் புறாவும் கோழியும் வளர்ந்த நம் வீட்டு முற்றங்களில் அண்மைக் காலமாகப் புதிய விருந்தாளி ஒன்று குடியேறியிருக்கிறது. வாலில்லாத உருண்டை உடலும் மணி போன்ற கண்களும் கொண்ட அந்தச் சிற்றுயிரைக் குழந்தைகள் ‘கினிபிக்’ என்று அழைக்கின்றனர். ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்துக் ‘கினிப்பன்றி’ என்று எழுதும் வழக்கம் ஏற்பட்டுவிட்டதால், பெயரைக் கேட்டதுமே முகம் சுளிக்கும் பெரியவர்களும் நம்மிடையே உண்டு. அந்தத் தயக்கம் தேவையற்றது. இது பன்றி இனத்தைச் சேர்ந்ததன்று; எலி, அணில் போலக் கொறித்துண்ணும் இனத்தைச் சேர்ந்தது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியே இதன் தாயகம். ‘சீமைப் பெருச்சாளி’ என்று தமிழில் ஒரு பெயர் இருப்பதால், இக்கட்டுரையில் அப்பெயரையே ஆள்வோம்.

வளர்ப்போர் இதன் முகத்தைப் பார்க்கின்றனர். உரோமத்தைத் தடவி மகிழ்கின்றனர். பாதத்தைத் திருப்பிப் பார்ப்பவர் அரிது. ஆனால் இவ்வுயிருக்கு வரும் கொடிய துன்பங்களில் ஒன்று பாதத்தில்தான் தொடங்குகிறது.

பாதத்தின் அமைப்பு

சீமைப் பெருச்சாளியின் முன்னங்கால் ஒவ்வொன்றிலும் நான்கு விரல்கள். பின்னங்கால் ஒவ்வொன்றிலும் மூன்று. ஆக மொத்தம் 14 நகங்கள். நாய், பூனைகளின் பாதத்தில் உள்ளது போன்ற தடித்த மெத்தைத் தோல் இதற்கு இல்லை. உள்ளங்கால் உரோமமின்றி, குழந்தையின் தோலைப் போல் மென்மையாக இருக்கும். வளர்ந்த விலங்கின் எடை பெரும்பாலும் 700 கிராம் முதல் 1,200 கிராம் வரை. இந்த எடை முழுவதையும் அம்மெல்லிய தோல்தான் தாங்குகிறது. புல்தரையில் ஓடித் திரிவதற்கென அமைந்த பாதம் அது. கம்பி வலையின் மீது நிற்பதற்கு அது ஏற்றதன்று.

புண் உண்டாவது எப்படி?

கடைகளில் விற்கப்படும் கூண்டுகள் பலவற்றின் அடித்தளம் கம்பி வலையால் ஆனது. கழிவு கீழே விழுந்துவிடும், சுத்தம் செய்வது எளிது என்பது வாங்குவோரின் எண்ணம். ஆனால் நாள் முழுவதும் கம்பியின் மீதே நிற்கும் பாதத்தில் ஒரே இடத்தில் அழுத்தம் விழுகிறது. அவ்விடம் முதலில் சிவக்கும். பிறகு தோல் தடித்துக் காய்ப்புப் போலாகும். அடுத்து வெடிக்கும். வெடிப்பின் வழியே ‘ஸ்டைபிலோகாக்கஸ்’ போன்ற கிருமிகள் உட்புகுந்து சீழ் வைக்கும். கவனியாது விட்டால் அழற்சி தசைநாரையும் எலும்பையும் சென்று பற்றும்.

கம்பி மட்டுமே காரணமன்று. சிறுநீரில் ஊறிய படுக்கை தோலை ஊறவைத்துப் பலவீனப்படுத்துகிறது. ஓட இடமின்றித் தீவனம் மட்டும் தின்று பருத்த உடல் பாதத்தின் சுமையைக் கூட்டுகிறது. வளர்ந்து சுருண்ட நகங்கள் விரல்களைக் கோணலாக்கி, எடையைப் பின்புறம் தள்ளுகின்றன. இக்காரணங்கள் பெரும்பாலும் ஒன்று சேர்ந்தே வருகின்றன.

கத்தாத வலி

எம்மிடம் ஓதும் சிறுவர் ஒருவரின் தந்தை பெங்களூரில் பணிபுரிகிறார். பெருநாள் விடுமுறைக்குத் தருமபுரி வந்தபோது இரண்டு சீமைப் பெருச்சாளிகளைக் கூண்டுடன் வாங்கி வந்திருந்தார். சில மாதங்கள் கழித்து அச்சிறுவர், “ஹஜ்ரத், ஒன்றுக்குக் கால் வீங்கியிருக்கிறது. தம்பிக்குக் காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து மீதி இருக்கிறது, கொடுக்கலாமா?” என்று கேட்டார். வேண்டாமென்று தடுத்து, இரண்டையும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லச் சொன்னோம். ஒன்றின் பாதம் சிவந்திருந்ததோடு சரி. கூண்டின் தரையை மாற்றியதும் மெல்லத் தேறியது. மற்றொன்றின் புண் எலும்பு வரை சென்றிருந்தது. அது பிழைக்கவில்லை. “அது ஒருநாளும் கத்தவே இல்லையே ஹஜ்ரத்” என்று அச்சிறுவர் கண் கலங்கினார்.

அவர் சொன்னது உண்மை. பசித்தால் ‘வீக், வீக்’ என்று வீடே அதிரக் கத்தும் இவ்வுயிர், வலித்தால் பெரும்பாலும் ஒடுங்கிவிடும். வேட்டை விலங்குகளுக்கு இரையாகும் இனமாதலின், நோவை மறைப்பது அதன் இயல்பாகிவிட்டது. அசையாமல் ஒரு மூலையில் அமர்ந்திருத்தல், நொண்டுதல், தீனியைக் குறைத்தல் ஆகியவையே அது காட்டும் அடையாளங்கள்.

மீதி மருந்து வேண்டாம்

இதை வாசகர்கள் மனத்தில் நன்கு பதிக்க வேண்டும். பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின் ஆகிய மருந்துகள் நமக்கு உயிர் காப்பவை. சீமைப் பெருச்சாளிக்கோ உயிர் பறிப்பவை. அதன் குடலில் செரிமானத்திற்கு உதவும் நல்ல நுண்ணுயிர்களை இவை அழித்துவிடுகின்றன. அவ்விடத்தில் நச்சுக் கிருமிகள் பெருகி, சில நாட்களிலேயே மரணம் நேரலாம். எனவே வீட்டிலுள்ள மாத்திரையை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையை நாடுங்கள். அங்கு ஆடுமாடுகளே மிகுதியாக வருவதால், “இது சீமைப் பெருச்சாளி, பென்சிலின் வகை இதற்கு ஆகாதல்லவா?” என்று நினைவூட்டுவதில் தவறில்லை. முற்றிய புண்ணாயின், சேலம் வழியாக நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் செல்லலாம். 1985-ல் தொடங்கப்பெற்ற அக்கல்லூரி, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

கொய்யாத் துண்டும் காலும்

பெரும்பாலான விலங்குகள் ‘வைட்டமின் சி’ சத்தைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. மனிதனும் சீமைப் பெருச்சாளியும் அவ்வாறு செய்ய இயலாதவர்கள். 1907-ல் நார்வே நாட்டு அறிஞர்கள் ஹோல்ஸ்ட், ஃபுரோலிக் இருவரும் தானியத்தை மட்டும் தின்ற சீமைப் பெருச்சாளிகளுக்கு ‘ஸ்கர்வி’ நோய் வந்ததைக் கண்டறிந்தனர். மனிதரின் அந்நோயை ஆராய இச்சிற்றுயிரே வழிகாட்டியது.

இச்சத்துக் குறைந்தால் இரண்டு மூன்று வாரங்களிலேயே மூட்டுகள் வீங்கும், தொட்டால் துடிக்கும், நடக்க மறுக்கும், இருக்கும் புண்ணும் ஆறாது. கால் நோய் என்று நாம் எண்ணுவது சில சமயம் உணவுக் குறையாக இருக்கும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை தேவை. 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் இருப்பதால், விரல் நுனியளவு துண்டொன்றே பெரும்பகுதியை ஈடுசெய்துவிடும். குடைமிளகாய், கொத்தமல்லித் தழை ஆகியவையும் நல்லவை. முருங்கைக் கீரையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. நாள்தோறும் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் கல் உண்டாகலாம். வயிறு நிறையக் கொடுக்க வேண்டியது புல்லும் காய்ந்த புல்லும்தான். நம் மாவட்டத்து வரப்புகளில் அறுகம்புல்லுக்குப் பஞ்சமில்லை. மருந்து தெளிக்காத இடத்துப் புல்லா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

கூண்டின் கம்பித் தரையை இன்றே மூடிவிடுங்கள். பலகையின் மீது பழைய துண்டுகளை இரண்டு மூன்று மடிப்பாக விரிக்கலாம். நூல் பிரிந்த துணி விரலில் சுற்றிக்கொள்ளும் என்பதால் ஓரங்களைக் கவனியுங்கள். முரட்டு வைக்கோலின் நுனி பாதத்தைக் குத்தும். ஈரமான படுக்கையை அன்றாடம் அகற்றுங்கள். சுழல் சக்கரம் வேண்டாம்; அது இவ்வுயிரின் முதுகுக்கும் காலுக்கும் ஒவ்வாதது.

மாதம் ஒருமுறை நகம் வெட்டுங்கள். வெளிர் நகத்தில் உள்ளே சிவப்பாக இரத்த நாளம் தெரியும். அதற்கு முன்பாகவே நிறுத்திவிட வேண்டும். கறுப்பு நகமாயின் பின்னாலிருந்து டார்ச் ஒளி காட்டிப் பாருங்கள். இரத்தம் கசிந்தால் சோள மாவை வைத்து அழுத்தினால் நின்றுவிடும்.

சித்திரை, வைகாசி வெயிலில் கூண்டைத் தகரக் கூரையின் கீழ் வைக்காதீர்கள். 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பமே இதற்கு ஆபத்து. நம் ஊர்க் கோடை அதையும் தாண்டிச் செல்வது. மேலும், விரலிடுக்கிலோ முகத்திலோ உரோமம் உதிர்ந்து செதில் தெரிந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், குழந்தைகளுக்கும் தொற்றும். தொட்டபின் கைகழுவும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள்.

அடைத்தவர் பொறுப்பு

விலங்கு தாராளமாக அசைந்து நடமாட இயலாத கூண்டில் அதை அடைத்து வைப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் அறியாதவரும் நபிமொழியை அறிவர். பூனையை அடைத்து வைத்து, தானும் உணவளிக்காமல், அது தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் அதன் காரணமாகத் தண்டனைக்கு உள்ளானாள் என்பதை நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்துள்ளார்கள். கூண்டிலிருக்கும் உயிர் தான் நிற்கும் தரையைத் தேர்ந்துகொள்ள முடியாது. அதைத் தேர்ந்து கொடுத்தவர் நாம்.

ஆகவே வாசகர்களே, வாரம் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தையைத் தரையில் அமரச் செய்து, சீமைப் பெருச்சாளியை அதன் மடியில் வைத்து, நீங்கள் பாதங்கள் நான்கையும் மெல்லத் திருப்பிப் பாருங்கள். சிவப்போ, தடிப்போ, வீக்கமோ தெரிந்தால் மறுநாளே மருத்துவரிடம் செல்லுங்கள். சிவப்பு நிலையில் கண்டுகொண்டால் தரையை மாற்றுவதே பெரும்பாலும் போதும். சீழ் பிடித்தபின் மாதக்கணக்கில் மருந்திட்டாலும் ஆறுவது கடினம்.