பெய்ஜிங்கில் சிலையான அமெரிக்கர்

2012 மார்ச் 30 இரவு, பெய்ஜிங்கின் வூகசோங் அரங்கம் நிரம்பி வழிந்தது. 2008 ஒலிம்பிக்கின் கூடைப்பந்து ஆட்டங்கள் நடந்த அதே அரங்கம். சீனாவின் தொழில்முறை லீக்கான சிபிஏ-யின் இறுதிச்சுற்று. எதிரணி குவாங்டோங், முந்தைய எட்டு சீசன்களில் ஏழு முறை கோப்பையை அள்ளிச் சென்ற அணி. உள்ளூர் அணியான பெய்ஜிங் டக்ஸ் அதுவரை ஒருமுறைகூட லீக் கோப்பையைத் தொட்டதில்லை. அன்று தொட்டது. 41 புள்ளிகள் எடுத்து அணியைக் கரைசேர்த்தவர் 35 வயதான ஓர் அமெரிக்கர். வெற்றி உறுதியானதும் அவர் அடக்கமாட்டாமல் அழுதார்.

அவர் பெயர் ஸ்டெஃபான் மார்பரி. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் அமெரிக்கக் கூடைப்பந்து உலகம் அவரைக் கைகழுவியிருந்தது.

நியூயார்க்கின் ப்ரூக்ளின் பகுதியில், கடலோரம் இருக்கிறது கோனி ஐலண்ட். அங்குள்ள அரசுக் குடியிருப்பில் ஏழு பிள்ளைகளில் ஆறாவதாக வளர்ந்தவர் மார்பரி. அண்ணன்மார்களும் கூடைப்பந்து ஆடியவர்கள்தான், ஆனால் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ யாருக்கும் வாய்க்கவில்லை. வீட்டின் நம்பிக்கை முழுவதும் தம்பியின் தோளில் ஏறியது. லிங்கன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே அவரைப் பற்றி நாடு முழுவதும் பேச்சு. ஜார்ஜியா டெக் கல்லூரியில் ஒரே வருடம் படித்துவிட்டு, 1996-இல் 19 வயதில், அணிகள் புது வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் என்பிஏ டிராஃப்ட்டில் நான்காவதாகத் தேர்வானார்.

அதன்பின் மினசோட்டா, நியூ ஜெர்சி, ஃபீனிக்ஸ், சொந்த ஊரான நியூயார்க், கடைசியாக பாஸ்டன் என்று ஐந்து அணிகள். 846 ஆட்டங்களில் சராசரியாக 19.3 புள்ளிகள், 7.6 அசிஸ்ட்கள். இரண்டு முறை ஆல்-ஸ்டார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்பெயினுக்கு எதிராக 31 புள்ளிகள். எண்கள் மின்னின. கோப்பை மட்டும் கிட்டவில்லை. பயிற்சியாளர்களோடு மோதுபவர், அணிக்காக ஆடாதவர் என்ற பேச்சு ஊருக்கு ஊர் அவரோடு கூடவே போனது.

அதே காலத்தில் அவர் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். பிரபல வீரர்களின் பெயரில் வரும் ஷூக்கள் 100 டாலருக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தபோது, 2006-இல் 'ஸ்டார்பரி' என்ற ஷூவை 14.98 டாலருக்குக் கொண்டுவந்தார். ஏழை வீட்டுப் பிள்ளையும் வாங்கும் விலை. விளம்பரத்தோடு நிற்காமல், என்பிஏ ஆட்டங்களில் அதையே தானும் அணிந்து ஆடினார். ஆனால் அதை விற்ற கடை நிறுவனம் 2008-இல் திவாலாக, ஷூவும் சந்தையிலிருந்து மறைந்தது.

அடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. 2007 டிசம்பரில் மகனின் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, அன்றிரவே உயிர் பிரிந்தது. அடுத்த சீசனில் நியூயார்க் நிக்ஸ் அணி 2 கோடி டாலருக்கு மேல் சம்பளம் கொடுத்து அவரை ஆடவிடாமல் உட்கார வைத்தது. 2009-இல் பாஸ்டனில் சில மாதங்கள் ஆடியதோடு என்பிஏ கதவு மூடியது. உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்று நினைத்த நாட்களும் உண்டு என்று பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

2010 ஜனவரியில் அவர் சீனாவின் தாய்யுவானில் போய் இறங்கினார். ஷான்ஷி மாகாணத்தின் தலைநகர், நிலக்கரி பூமி. 32 வயது. தெரியாத மொழி, தெரியாத ஊர். ஷூ வியாபாரத்தைச் சீனாவில் மறுபடி தொடங்கலாம் என்ற கணக்கும் அந்தப் பயணத்தில் இருந்தது.

இப்படிக் கடல் கடந்து ஆடப்போகும் அமெரிக்கர்கள் ஏராளம். என்பிஏ-யில் 30 அணிகள். அணிக்கு 15 வீதம் வழக்கமான ஒப்பந்தம் பெறுபவர்கள் 450 பேர் மட்டுமே. கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் ஆட்டக்காரர்களோ ஆயிரக்கணக்கில். இடம் கிடைக்காதவர்களுக்கு ஸ்பெயின், துருக்கி, இஸ்ரேல், ஆஸ்திரேலியா, பிலிப்பைன்ஸ், சீனா என்று உலகம் விரிந்து கிடக்கிறது. இதில் தோல்வியின் சாயலைப் பார்ப்பது சரியல்ல. 1965 டிராஃப்ட்டில் தேர்வான டால் பிரோடி, என்பிஏ-யை விட்டு இஸ்ரேலுக்குப் போனார். 1977-இல் மக்காபி டெல் அவீவ் அணியின் கேப்டனாக ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது அந்த நாடே தெருவில் இறங்கிக் கொண்டாடியது. என்பிஏ-யின் சிறந்த வீரர் விருது பெற்ற பாப் மெக்கடூ, இத்தாலியின் மிலானுக்குப் போய் 1987, 1988 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பிய சாம்பியன் ஆனார்.

ஆனால் பிழைப்பு எளிதல்ல. 'இம்போர்ட்' என்று அழைக்கப்படும் வெளிநாட்டு வீரர்களுக்குப் பல லீக்குகளில் எண்ணிக்கை வரம்பு உண்டு. மார்பரி ஆடிய காலத்துச் சீனாவில் பொதுவாக அணிக்கு இருவர். அவர்கள் களத்தில் நிற்கும் நேரத்துக்கும் கட்டுப்பாடு. அணி ஒரு வீடு கொடுக்கும், மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கொடுக்கும். பதிலுக்குப் புள்ளிகளைக் குவிக்க வேண்டும். உள்ளூர் வீரர் சறுக்கினால் பொறுத்துக்கொள்வார்கள். இம்போர்ட் நாலு ஆட்டம் சறுக்கினால், அடுத்தவர் விமானத்தில் ஏறியிருப்பார்.

சம்பளம் நேரத்துக்கு வராத கதைகளும் உண்டு. அந்த வழக்குகள் பெருகியதால்தான் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா 2007-இல் ஜெனீவாவை மையமாகக் கொண்டு ஒரு நடுவர் மன்றத்தையே அமைத்தது.

மார்பரிக்கும் தொடக்கம் சுகமாக இல்லை. ஷான்ஷி அணி அடுத்த சீசனுக்கு அவரை வைத்துக்கொள்ளவில்லை. தெற்கே ஃபோஷான் அணிக்குப் போனார். அங்கும் ஒரே சீசன்தான். மற்றவர்களாக இருந்தால் பெட்டியைக் கட்டியிருப்பார்கள். 2011-இல் என்பிஏ-யில் உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் சம்பளத் தகராறு வந்து ஆட்டங்கள் முடங்கியபோது ஜே.ஆர். ஸ்மித், கென்யன் மார்ட்டின் போன்றவர்கள் சீனாவுக்கு வந்தார்கள்; அந்த சீசனுக்குள்ளேயே என்பிஏ-க்குத் திரும்பியும் விட்டார்கள். மார்பரி திரும்பவில்லை. அந்த 2011-இல்தான் பெய்ஜிங் டக்ஸில் சேர்ந்தார்.

அங்கே அவர் நடந்துகொண்ட விதத்தில்தான் கதை மாறியது. சுரங்க ரயிலில் ஏறி, கூட்டத்தோடு கூட்டமாக நின்று போனார். 188 சென்டிமீட்டர் உயரம், தலையில் பச்சை குத்திய ஓர் அமெரிக்கர் பெட்டிக்குள் நிற்பதைப் பார்த்து மக்கள் முதலில் திகைத்தார்கள், பிறகு கைப்பேசியை எடுத்தார்கள். சீனச் சமூக வலைத்தளமான வெய்போவில் ரசிகர்களோடு பேசினார். களத்தில் இளம் சீன வீரர்களுக்குப் பந்தைக் கொடுத்து, அவர்கள் தவறவிட்டாலும் தட்டிக்கொடுத்தார். ரசிகர்கள் அவருக்கு 'மா ஜெங்வெய்' என்று பட்டம் சூட்டினார்கள். சீன ராணுவத்தில் வீரர்களின் மன உறுதியைக் கவனிக்கும் அரசியல் அதிகாரியைக் குறிக்கும் சொல் 'ஜெங்வெய்'. அணியைப் பிரிப்பவர் என்று அமெரிக்காவில் பெயர் வாங்கியவருக்கு, அணியைச் சேர்த்துக் கட்டுபவர் என்று சீனாவில் பெயர்.

2012-ஐத் தொடர்ந்து 2014, 2015 ஆண்டுகளிலும் பெய்ஜிங் கோப்பையை வென்றது. 2015 இறுதிச்சுற்றின் சிறந்த வீரர் விருது, 38 வயது மார்பரிக்கு. முதல் கோப்பை வந்த ஆண்டிலேயே அரங்கத்துக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்துவிட்டார்கள். 2014-இல் பெய்ஜிங்கின் கௌரவக் குடிமகன் ஆனார். அவர் கதை ஓர் இசை நாடகமாக மேடையேறி, அதில் அவரே நடித்தார். வெளிநாட்டவருக்கு அரிதாகவே கிடைக்கும் நிரந்தர வசிப்புரிமை அட்டையும் பின்னர் கைக்கு வந்தது.

எல்லோருக்கும் இந்த முடிவு அமைவதில்லை, குறிப்பாகப் பெண்களுக்கு. அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏ-யின் ஊதியம் நெடுங்காலம் குறைவாக இருந்ததால், நட்சத்திரங்களே குளிர்காலத்தில் வெளிநாடு போய் ஆடினார்கள். டயானா டாராசியின் ரஷ்ய அணி, அவர் ஓய்வெடுக்க வேண்டும் என்பதற்காகவே 2015 அமெரிக்க சீசனை ஆடாமலிருக்கப் பணம் கொடுத்தது. சொந்த நாட்டு லீக்கைவிட எகாடெரின்பர்க் நகரத்து அணியின் பணம் அத்தனை பெரிது. அதே அணிக்கு ஆடிவந்த பிரிட்னி கிரைனர், 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் கஞ்சா எண்ணெய் வைத்திருந்ததாகக் கைதானார். ஏறக்குறைய பத்து மாதச் சிறைவாசத்துக்குப் பிறகு, டிசம்பர் 8 அன்று கைதிப் பரிமாற்றத்தில்தான் வீடு திரும்ப முடிந்தது. ஆறு ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற டாராசியும், மூன்று தங்கங்கள் வென்ற கிரைனரும் பிழைப்புக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது அமெரிக்காவுக்குப் பெருமை சேர்க்கும் செய்தியல்ல.

மார்பரி தன் கடைசி ஆட்டத்தை 2018 பிப்ரவரியில், 41-ஆவது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன்பு, பெய்ஜிங்கிலேயே ஆடினார். அடுத்த ஆண்டு அந்த நகரத்தின் இன்னொரு சிபிஏ அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். பயிற்சியாளர்களோடு ஒத்துப்போகாதவர் என்று ஒருகாலத்தில் எழுதப்பட்டவர், அந்த நாற்காலியிலேயே அமர்ந்தார்.

2020 மார்ச்சில் கொரோனா நியூயார்க்கைச் சூறையாடியபோது, மருத்துவமனைகளில் முகக்கவசம் கிடைக்காமல் திண்டாட்டம். மார்பரி தனக்குத் தெரிந்த சீனத் தயாரிப்பாளரிடம் பேசி, ஒரு கோடி முகக்கவசங்களை அடக்க விலைக்கு நியூயார்க்குக்கு ஏற்பாடு செய்ய முயன்றார். ஒருகாலத்தில் அவரைக் கூச்சலிட்டு அனுப்பிய நகரம்தான் அது. ஆனால் கோனி ஐலண்டும் அங்கேதான் இருக்கிறது; அவருடைய குடும்பத்தினர் அப்போது அங்கேதான் வாழ்ந்தார்கள்.