மரவள்ளி மாவும் முருங்கை இலையும்: பொலித்தீனுக்குப் பதிலாக ஓர் உறை

2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டெம்பரில் பொலித்தீன் லன்ச் சீற் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் வடக்கின் சந்தைகளில் புழுக்கொடியலும் மிக்சரும் இன்றும் பொலித்தீன் பைகளில்தான் தொங்குகின்றன. வீட்டிலிருந்து தின்பண்டம் செய்து விற்கும் பெண்ணுக்கு அதைவிட மலிவான பொதி கிடைப்பதில்லை.

இதற்கு மாற்றாக ஆய்வுகூடங்களில் முயன்று பார்க்கப்படுவதுதான் உண்ணக்கூடிய மெல்லுறை. செய்முறை கஞ்சி காய்ச்சுவதைப் போன்றது. 100 மில்லிலீற்றர் தண்ணீரில் சுமார் 5 கிராம் மரவள்ளி மாப்பொருளையும் ஒன்றரை கிராம் அளவில் உணவுத்தரக் கிளிசரினையும் கலந்து, ஏறத்தாழ 80 பாகை செல்சியஸில் கிளறிக்கொண்டே காய்ச்சுவார்கள். கலவை தெளிந்து பசையானதும் தட்டையான தட்டில் மெல்லியதாக ஊற்றி, 40 முதல் 50 பாகைச் சூட்டில் காயவைத்து உரித்தெடுப்பார்கள். கிளிசரின் சேர்க்காவிட்டால் உறை அப்பளம்போல நொறுங்கிவிடும்.

இலைச் சாறு சேர்வது இந்தக் கலவையில்தான். முருங்கை, கொய்யா, கறிவேப்பிலை போன்ற இலைகளில் பொலிபீனோல் எனும் சேர்மங்கள் உள்ளன. எண்ணெய்ப் பண்டம் காற்றுப்பட்டு மணம் மாறுவதையும், சில பக்ரீரியாக்கள் பெருகுவதையும் இவை தாமதப்படுத்தும். இலையின் நிறம் வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கும். ஆனால் சாறு கூடினால் கசக்கும்.

இதன் பெரிய பலவீனம் தண்ணீர். சுடுசோற்றையும் குழம்பையும் இதில் கட்டினால் உறை இளகிக் கரைந்துவிடும். மாரி காலத்து ஈரக் காற்றிலேயே அது பிசுபிசுக்கும். ஆகவே லன்ச் சீற்றின் இடத்தை இது பிடிக்காது. அதற்கு வாழையிலையும் தாமரையிலையுமே பொருத்தம். மிக்சர், கச்சான், மசாலைத்தூள் போன்ற உலர்ந்த பொருட்களுக்கே இது உதவும். அப்போதும் தூசியும் எறும்பும் அண்டாதிருக்க வெளியே ஒரு கடதாசிப் பை வேண்டும்.

மரவள்ளியும் முருங்கையும் நமது வளவுகளில் இருக்கின்றன. சீராகக் காயவைக்கும் உலர்த்தியும், உணவுப் பாதுகாப்புப் பரிசோதனைக்கான செலவும்தான் சிறு உற்பத்தியாளரிடம் இல்லை. இந்தப் பரிசோதனை இல்லாமல் வீட்டில் செய்த உறையில் உணவை அடைத்து விற்பது ஆபத்து. தனியொரு குடும்பத்தால் இயலாத இச்செலவைப் பெண்கள் கூட்டுறவுச் சங்கமொன்று பகிர்ந்துகொள்ள முடியும். வாழ்வாதாரத் திட்டம் என்று தையல் இயந்திரமும் கோழிக்குஞ்சும் கொடுப்போர் இதையும் யோசிக்கலாம்.

பனங்கட்டியைப் பனையோலைக் குட்டானில் அடைத்து விற்ற ஊர் இது. இலையால் பொதி செய்வது நமக்குப் புதிய விடயமல்ல.