கரை தெரியாத ஒரு நாள்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே மலை. கடல் பார்க்கக் கிழக்கே தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ போக வேண்டும். இந்த ஊர்க்காரர்களில் பலருக்குக் கடல் என்பது, முருகனைக் கும்பிடப் போகுமுன் முங்கி எழுகிற கரைதான். அந்தக் கரைக்கு அப்பால் உள்ள கடலைப் பார்க்க ஆசைப்பட்டால் அதற்கும் வழி இருக்கிறது. மாலையில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எழும்பூர். அங்கிருந்து சென்னைத் துறைமுகம் ஆட்டோ தூரம்.

2022 ஜூன் 4 அன்று அந்தத் துறைமுகத்திலிருந்துதான் கார்டீலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' சொகுசுக் கப்பலை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். பிரான்ஸில் கட்டப்பட்டு 1990-இல் 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் கடலுக்கு வந்த கப்பல் இது. 11 தளங்கள், நீளம் சுமார் 211 மீட்டர். ஆண்டாள் கோயில் ராஜகோபுரத்தின் உயரம் 192 அடி. அதைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல். அந்த ஆண்டு விசாகப்பட்டினம் வரை போகும் பயணத்தோடு, எந்த ஊரிலும் இறங்காமல் ஆழ்கடல் வரை போய்த் திரும்பும் இரண்டு நாள் பயணமும் அறிவிக்கப்பட்டது. 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என இலங்கைப் பயணமும் தொடங்கியது.

எங்கும் இறங்காத பயணத்துக்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? நம் ஊரில் உடனே எழும் கேள்வி இது. நமக்குப் பயணம் என்றால் ஒரு கோயில், ஓர் அருவி, ஒரு கடைத்தெரு. ஆனால், கப்பல் பயணத்தின் சாரமே எந்தத் துறைமுகத்தையும் தொடாத நாளில்தான் இருக்கிறது.

அந்த நாளின் காலை மேல்தளத்தில் தொடங்க வேண்டும். நீர்மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்குத் தொடுவானம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். நான்கு பக்கமும் அதே தூரம். நடுவில் ஒரு மரமோ கம்பமோ மலையோ கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தே திசை சொல்லிப் பழகியவர்களுக்கு இது முதலில் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும். செல்போனில் சிக்னலும் இருக்காது. கப்பலின் வைஃபை தனிக் கட்டணம். முதல் ஒரு மணி நேரம் கை சும்மா சும்மா போனைத் தேடும். பிறகு கண் பழகிவிடும்: வெயில் ஏற ஏற நீரின் நிறம் மாறுவது தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால் பறக்கும் மீன்களோ ஓங்கில்களோ தெரியும். பார்க்க ஒன்றுமில்லை என்று நினைத்த இடத்தில்தான் அன்று முழுக்கப் பார்க்க வேண்டியிருக்கும்.

கப்பல்காரர்கள் நம்மைச் சும்மா விடுவதில்லை. நடன வகுப்பு, வினாடி வினா, மேஜிக், சினிமாப் பாட்டு, இடைவிடாத சாப்பாடு எனக் காலை முதல் நள்ளிரவு வரை நிகழ்ச்சி இருக்கும். எல்லாவற்றுக்கும் ஓடினால் கல்யாண மண்டபத்தில் இருந்துவிட்டு வந்த அலுப்புதான் மிஞ்சும். பாதியையாவது விட்டுவிடுவது நல்லது. தளத்தின் ஓரம் ஒரு நாற்காலி, ஒரு புத்தகம், மதியம் ஒரு தூக்கம் போதும்.

இந்த ஓய்வு தமிழருக்கு எப்போதும் வாய்த்ததல்ல. 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட 'ராஜுலா' கப்பல் அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஓடியது. கூலி வேலைக்கும் கடை வேலைக்கும் போனவர்கள் டெக் டிக்கெட் எடுத்து, பாயும் டிரங்குப் பெட்டியுமாக வங்காள விரிகுடாவைக் கடந்தார்கள். தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றும் அனுமதி அந்தக் கப்பலுக்கு இருந்தது. கரை தெரியாத நாட்கள் அவர்களுக்கும் பல இருந்தன. ஆனால் ஊரை விட்டு வந்த கவலையும் போகிற இடத்தின் பயமும் கூடவே வந்தன. மறுகரையில் வேலை எதுவும் காத்திராமல் அதே கடலில் ஒருவர் படுத்துக் கிடக்க முடிகிறது என்பது சின்ன விஷயமல்ல.

கடலுக்காகவே கடலில் போகும் பழக்கம் உலகத்திலும் அவ்வளவு பழசில்லை. 1891-இல் ஜெர்மனியின் 'அகுஸ்டா விக்டோரியா' மத்தியதரைக் கடலுக்கு உல்லாசப் பயணம் போனது இதன் தொடக்கம் என்பார்கள். 1922-இல் கூனார்டின் 'லகோனியா' உலகத்தையே சுற்றப் புறப்பட்டது. அப்படிப்பட்ட நெடும்பயணங்களில் தீர்க்கரேகை 15 பாகை நகர்ந்தால் கடிகாரம் ஒரு மணி நேரம் மாறும். கிழக்கிலிருந்து மேற்கே போகிறவர்களுக்கு அவ்வப்போது 25 மணி நேர நாள் கிடைக்கும்.

வாந்திக்குப் பயந்தே பலர் கப்பல் பயணம் வேண்டாம் என்கிறார்கள். பெரிய கப்பல்களில் ஆட்டத்தைக் குறைக்க நீருக்கடியில் பக்கவாட்டுத் துடுப்புகள் உண்டு. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுத்தால் அசைவு இன்னும் குறையும். தலை சுற்றினால் அறைக்குள் படுக்காமல் வெளியே வந்து தொடுவானத்தைப் பார்க்க வேண்டும். மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டு முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம் என்பதையும் மறக்கக் கூடாது.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். மலையேற்றமோ, வரிசையில் நிற்பதோ, ஊருக்கு ஊர் பெட்டி தூக்குவதோ இதில் இல்லை. தளத்துக்குத் தளம் லிஃப்ட் உண்டு, சைவச் சாப்பாடும் உண்டு. கப்பல் எல்லா மாதமும் சென்னையில் இருக்காது. அந்தந்த ஆண்டின் அட்டவணையைப் பார்த்து டிக்கெட் எடுங்கள். இலங்கைக்குப் போவதானால் எல்லாருக்கும் பாஸ்போர்ட் எடுத்து வைத்துவிடுங்கள்.