கடை திறக்குமுன் ஆகும் செலவு: வரிக் கணக்கில் எப்படிச் சேரும்?

கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர் தொழிற்பேட்டைப் பகுதிகளில் புதிதாகக் கிடங்கும் கடையும் தொடங்கும் அன்பர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "திறப்பு விழாவுக்கு முன் செய்த செலவு எல்லாம் வீண்தானா?" வீண் இல்லை. ஆனால் செலவுகளை வகை பிரித்து எழுத வேண்டும்.

முதலில், தொழில் தயாரான நாளும் விற்பனை தொடங்கிய நாளும் ஒன்றல்ல. 1954இல் பம்பாய் உயர் நீதிமன்றம் வெஸ்டர்ன் இந்தியா வெஜிடபிள் புராடக்ட்ஸ் வழக்கில் இதைத் தெளிவுபடுத்தியது. கடை தயாரான பின், முதல் விற்பனைக்கு முன் ஆகும் வாடகை, சம்பளம் போன்றவற்றை அவ்வாண்டின் செலவாகவே கழிக்கலாம். தயாராகும் முன் ஆனவற்றை அப்படிக் கழிக்க இயலாது.

அடுத்து, திட்ட அறிக்கை, சந்தை ஆய்வு, ஒப்பந்தம் எழுதும் வக்கீல் கட்டணம் போன்ற தொடக்கச் செலவுகள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35டி பிரிவு இவற்றை ஐந்து ஆண்டுகளில் சம பங்காகக் கழிக்க வழி செய்தது. 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்குரிய 2025ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இச்சலுகை தொடர்கிறது. உச்சவரம்பு, திட்டச் செலவில் 5 சதவீதம். நிலம், கட்டடம், எந்திரம், அலமாரி முதலியவையே திட்டச் செலவு. சரக்கு இருப்பு அதில் சேராது.

உதாரணமாக, கிடங்குக்கும் தளவாடங்களுக்கும் 10 லட்சம், சரக்குக்கு 15 லட்சம், தொடக்கச் செலவு 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கழிக்கக்கூடியது 50,000, ஆண்டுக்கு 10,000. மீதி 10,000க்குச் சலுகை இல்லை.

கடன் வாங்கிய பணத்தை வங்கியில் போட்டு வட்டி ஈட்டுவோர் கவனிக்க: தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம், தொழில் தொடங்குமுன் கிடைக்கும் அத்தகைய வட்டிக்கு வரி உண்டு, கடன் வட்டியை அதில் கழிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

தனிநபரும் கூட்டு நிறுவனமும் தொடக்கச் செலவுச் சலுகை பெற, செலவு செய்த ஆண்டின் கணக்கைத் தணிக்கை செய்திருக்க வேண்டும். விற்பனையில் குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாகக் காட்டும் முறையைத் தேர்ந்தவர்கள் தனியே கேட்க முடியாது.

எனவே முதல் ரூபாய் செலவாகும் நாளிலிருந்தே ரசீதுகளைத் தேதி வாரியாக வைத்திருங்கள். கடை தயாரான நாளைக் காட்டும் மின் இணைப்பு, உரிமம், முதல் சரக்குப் பில் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, கணக்குத் தாக்கலுக்கு முன்பே ஆடிட்டரிடம் காட்டுங்கள்.