தாயில்லாக் குட்டிக்கு எந்தப் பால்?

எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் எந்த ஜீவன் தாயில்லாமல் கத்தினாலும் நாம் முதலில் தேடுவது பாலாடையைத்தான். பூனைக்குட்டியோ, மரத்திலிருந்து விழுந்த அணில்பிள்ளையோ, கொஞ்சம் பசும்பாலைக் காய்ச்சி ஆற்றி வாயில் புகட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் அந்தப் பாலே பல குட்டிகளுக்கு எமனாகி விடுகிறது என்றால் நம்புவீர்களா?

2018 நவம்பர் 16-ம் தேதி விடியற்காலையில் கஜா புயல் எங்கள் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. லட்சக்கணக்கான மரங்கள்! விழுந்தது மரம் மட்டுமா? அதில் கூடு கட்டியிருந்த ஜீவன்களும்தான். எதிர்வீட்டுப் பையன் கிழிந்த பனியனில் சுற்றி இரண்டு அணில்குஞ்சுகளைக் கொண்டுவந்து, "அத்தை, இதுங்க அம்மா செத்துக் கெடக்கு" என்று என் கையில் வைத்தான். கண் திறக்கவில்லை. உடம்பு ஐஸ் மாதிரி ஜில்லிட்டிருந்தது.

"ஏம்மா, ரெண்டு சொட்டுப் பால் காச்சிக் குடேன். பச்சப்புள்ளயாட்டம் கத்துதுல்ல" என்றார் என் மாமியார். நல்லவேளையாக, தெருவில் அடிபட்ட மாடுகளைப் பார்க்க வந்திருந்த கால்நடை டாக்டர் அப்போது எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவர் கையை ஆட்டித் தடுத்துவிட்டார். "பால் கடைசியாத்தான்மா. முதல்ல சூடு, அப்புறம் தண்ணி."

குளிர்ந்துபோன குட்டியின் வயிறு வேலை செய்யாதாம். அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் உள்ளே தங்கிப் புளித்து, வயிறு உப்பிவிடுமாம். கரண்ட் இல்லாத நாட்கள் அவை. விறகடுப்பில் வெந்நீர் வைத்துப் பாட்டிலில் ஊற்றி, பழைய வேட்டியைச் சுற்றி, குஞ்சுகளை அதன் பக்கத்தில் கிடத்தினேன். பாட்டில் ஆற ஆற மாற்ற வேண்டும். உடம்பு கதகதப்பான பிறகு, உப்பும் சர்க்கரையும் துளி கலந்த வெதுவெதுப்பான நீர். அதற்குப் பிறகுதான் பால். அதுவும் பசும்பால் அல்ல. நாய்க்குட்டிகளுக்கென்று விற்கும் பால்பவுடர். தஞ்சாவூருக்குப் போன ஒருவரிடம் சொல்லி வாங்கி வரச் செய்தோம்.

ஏன் பசும்பால் கூடாது? அணில்பாலில் கொழுப்பும் புரதமும் அதிகம், பால்சர்க்கரை குறைவு. பசுவின் பாலிலோ பால்சர்க்கரை அதிகம். குஞ்சின் குடலுக்கு அது தாங்காது, வயிற்றுப்போக்கில் கொண்டுவிடும். உள்ளங்கையில் அடங்குகிற உடம்பில் எவ்வளவு நீர் இருந்துவிடப் போகிறது? ஒரே ராத்திரியில் வற்றிவிடும்.

புகட்டுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நம் குழந்தைக்குப் போல மல்லாக்கப் படுக்கவைக்கக் கூடாது. வயிறு கீழே இருக்க, தலை சற்றே நிமிர்ந்திருக்க, ஊசி இல்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மூக்கில் நுரை வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். பால் நுரையீரலுக்குள் போனால் காய்ச்சல் கண்டு போய்விடும். குடித்து முடித்ததும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் தடவிவிட வேண்டும். தாய் நக்கிவிட்டால்தான் சிறுநீரே பிரியும் குஞ்சுகள் இவை! இதை அறியாமல் எத்தனை பேர் "நல்லாத்தான் குடிச்சுது, ஏன் செத்துப்போச்சு?" என்று அழுதிருப்பார்கள்.

இத்தனை செய்தும் சின்னக்குஞ்சு மூன்றாம் நாள் இரவு போய்விட்டது. மற்றது பொங்கலுக்குள் வேர்க்கடலை கொறித்து, சாயாமல் நின்ற கொய்யா மரத்தில் ஏறி, கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காத ராங்கிக்காரியாகிவிட்டது.

ஒரு அணிலுக்கே இந்தப் பாடு. யானைக்குட்டி என்றால்? முதுமலை தெப்பக்காடு முகாமின் பொம்மன், பெள்ளி தம்பதியை இன்று யாருக்குத்தான் தெரியாது! மின்சாரம் தாக்கித் தாய் இறந்து, நாய்கள் கடித்த புண்ணோடு கிடந்த ரகுவை 2017 முதல் வளர்த்தவர்கள். கார்த்திகி கொன்சால்வ்ஸ் எடுத்த படத்துக்கு 2023 மார்ச்சில் ஆஸ்கார் கிடைத்ததை ஊரே கொண்டாடியது. அதே மார்ச்சில், தர்மபுரி மாவட்டத்தில் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட ஒரு குட்டியானை அதே தம்பதியின் கைக்கு வந்தது. மாத முடிவிலேயே வயிற்றுப்போக்கு கண்டு இறந்துபோனது. பழுத்த அனுபவம் இருந்தது, பாசம் இருந்தது, டாக்டர்களும் பக்கத்தில் இருந்தார்கள். ஆனாலும் மாற்றுப்பால் ஒத்துக்கொள்ளவில்லை. விருதைப் பற்றிப் பேசிய அளவுக்கு இதை யாரும் பேசவில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான்.

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டு டாஃப்னி ஷெல்ட்ரிக் அம்மையார் இந்தப் பால் விஷயத்தோடு பல வருஷம் மல்லாடியவர். பசும்பாலின் கொழுப்பு யானைக்குட்டிக்குச் சேரவில்லை, ஒவ்வொன்றாகச் செத்தன. கடைசியில் கைகொடுத்தது எது தெரியுமா? நம் தேங்காயெண்ணெய்! யானைப்பாலின் கொழுப்புக்கு அதுதான் நெருக்கம் என்று கண்டு, பால்கொழுப்பு நீக்கிய குழந்தைப் பவுடரில் அதைச் சேர்த்தார். 1970-களில் ஆயிஷா என்ற குட்டி அந்தப் பாலில் தேறி வளர்ந்தது. ஆனால் மகள் கல்யாணத்துக்காக அம்மையார் சில நாள் வெளியூர் போனார். ஆயிஷா சாப்பிட மறுத்து, ஏங்கியே இறந்துவிட்டது. அதற்குப் பிறகு அவருடைய காப்பகத்தில் ஒரு குட்டி ஒரே ஆளோடு ஒட்டிவிடாமல் இருக்க, பராமரிப்பவர்கள் இரவுதோறும் மாறி மாறிக் குட்டிகளோடு படுக்கிறார்கள்.

இன்னொன்று. கோடியக்கரைப் பக்கம் புல்லுக்குள் தனியாகக் கிடக்கும் மான்குட்டியை அநாதை என்று தூக்கி வந்துவிடாதீர்கள். தாய் அதைப் பதுக்கிவிட்டு மேயப் போயிருக்கும். எட்ட நின்று பார்த்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். காட்டு ஜீவன்களை வீட்டில் வைத்துக்கொள்வதற்கு 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டமும் இடம் கொடுப்பதில்லை. குரங்கோ கீரியோ கடித்துவிட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

ரகுவையும் பின்னாளில் வேறு பாகனிடம் ஒப்படைத்துவிட்டார்கள். பெள்ளியின் மடியில் அப்போது அம்மு என்ற அடுத்த குட்டி வந்திருந்தது. 2023 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் முதல் பெண் காவடியாகப் பெள்ளியையே நியமித்தது அரசு.