நகல் கேளுங்கள், சகோதரிகளே!

எங்கள் காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குத்தான். என் கல்யாணத்தின்போது வாப்பா தந்த வீட்டில்தான் இருக்கிறேன். கணவர் சவூதியில். நல்லது கெட்டது எல்லாம் நான்தான் பார்க்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை மறக்க முடியுமா? 24 மணி நேரத்தில் எங்கள் ஊரில் சுமார் 95 செ.மீ.! வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பிள்ளைகளோடு மாடிக்கு ஓடினோம். தண்ணீர் வடிந்து பார்த்தால் மர அலமாரி உப்பிக் கிடக்கிறது, வயரிங் போச்சு, அடுக்களைச் சுவரில் பெரிய விரிசல்.

'அதான் இன்சூரன்ஸ் இருக்கே' என்று தைரியமாக இருந்தேன். சர்வேயர் வந்து பத்து நிமிஷம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு கம்பெனியிலிருந்து கடிதம். 'விரிசல் பழையது, பராமரிப்பு இல்லை' என்று சொல்லி, ஒரு சிறு தொகைதான் தருவார்களாம். "கிடைச்சதை வாங்கிக்கோ, நமக்கு எதுக்கு வம்பு?" என்றார் உம்மா.

பக்கத்து வீட்டு டீச்சர் ராத்தாதான், "சர்வேயர் அறிக்கையோட நகலைக் கேட்டு எழுது. பாலிசிதாரர் கேட்டா கொடுக்கணும்னு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதியே இருக்கு" என்றார். எழுதினேன். வந்த நகலைப் படித்ததும் திகைத்துப் போனேன். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதானாம்! அலமாரியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

என்னிடம் போட்டோக்கள் இருந்தன. சுவரில் சேறு படிந்த கோட்டின் பக்கத்தில் அளவு டேப் வைத்து எடுத்தது ஒன்று. அந்த வருஷப் பெருநாளன்று அடுக்களையில் எடுத்தது இன்னொன்று. அதில் சுவரில் விரிசலே இல்லை! அறிக்கையில் உள்ள தவறுகளை வரிசையாக எழுதி, போட்டோக்களோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். மறுபடியும் வேறொரு சர்வேயர் வந்தார். கேட்டது முழுசும் கிடைக்கவில்லைதான். ஆனால் முதலில் சொன்னதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கிடைத்தது.

சகோதரிகளே, வெறும் 'இல்லை' என்ற கடிதத்தோடு நின்றுவிடாதீர்கள். அரசுத் துறைக் கம்பெனி என்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, உங்கள் கிளெய்ம் ஃபைலில் உள்ள காகிதங்களின் நகலையும் கேட்கலாம். கம்பெனிக்குப் புகார் எழுதி ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். கட்டணமும் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. சர்வேயர் அறிக்கைதான் முடிந்த முடிவு என்பதில்லை என்று சுப்ரீம் கோர்ட்டே 2009-ல் சொல்லியிருக்கிறது.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டின் ஒவ்வொரு சுவரையும், சாமானையும் போட்டோ எடுத்து, பாலிசியோடு உயரமான இடத்தில் வையுங்கள். மழை சொல்லிவிட்டு வராது!

- ஒரு வாசகி, காயல்பட்டினம்.